சக்கரத்தில் வந்த சாப்பாடு

மதியம் பன்னிரண்டு மணி. பிரிட்டனில் ஏதோ ஒரு சின்ன ஊர். தனியாக வாழும் எண்பது வயதுப் பாட்டி ஒருவரின் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். வந்தவர் கையில் மூடி போட்ட தட்டு. உள்ளே கொஞ்சம் இறைச்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், மேலே ஊற்றிய கிரேவி. இன்னொரு கிண்ணத்தில் கஸ்டர்ட் ஊற்றிய புட்டிங். "எப்படி இருக்கீங்க? கால் வலி பரவாயில்லையா?" என்று இரண்டு வார்த்தை. பிறகு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், சாப்பாடு ஆறிவிடும்.

இதுதான் 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்'. நம் ஊர் ஹோட்டல்களும் இந்தப் பெயரை விளையாட்டாகப் பயன்படுத்தியதால் பலருக்கும் பெயர் தெரியும், கதை தெரியாது.

மேலே சொன்ன காட்சியில் இரண்டு பொருள்கள் கைமாறுகின்றன. ஒன்று சாப்பாடு. அதற்கு விலை உண்டு, பட்ஜெட் உண்டு, சட்டம் கூட உண்டு. இன்னொன்று அந்தக் கதவுத் தட்டல். தட்டியும் திறக்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று ஒரு மனிதருக்காவது அன்றைக்கே தெரிந்துவிடும். இந்த இரண்டாவது பொருளுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனித் தலைப்பு இருந்ததில்லை. அதனால்தான் அது காணாமல் போனபோது கணக்கிலும் யாருக்கும் குறைவு தெரியவில்லை.

ரேஷன் கார்டும் தனி ஆளும்

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. பிரிட்டனில் 1940 ஜனவரியில் உணவு ரேஷன் வந்தது. அளவுகள் போகப் போக மாறின. ஆனாலும் பொதுவாக ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை, இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், நான்கு அவுன்ஸ் பன்றி இறைச்சி என்கிற மாதிரிதான் இருந்தது. மற்ற இறைச்சிக்கு எடைக் கணக்கே கிடையாது, விலைக் கணக்கு: பெரும்பாலும் ஒரு ஷில்லிங் இரண்டு பென்னிக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து கார்டையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல துண்டு இறைச்சி வாங்கி, மீதியைத் திங்கள் வரை ஓட்டலாம். ஒரே ஒரு கார்டு வைத்திருக்கும் கிழவி அந்தச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டு என்ன சமைப்பாள்? அதற்காக அடுப்பு மூட்ட நிலக்கரியும் வேண்டும், அதற்கும் தட்டுப்பாடு. ரேஷன் எல்லோருக்கும் சமம்தான். ஆனால் சமையல் என்பது தனி ஆளுக்கு எப்போதுமே நஷ்டக் கணக்கு. ஹாஸ்டலை விட்டு ரூம் எடுத்துத் தங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அரசாங்கம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. 1940-இல் தொடங்கிய பொதுச் சாப்பாட்டுக் கூடங்களுக்குப் பிரதமர் சர்ச்சில் 'பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்' என்று பெயர் வைத்தார். (பழைய பெயர் 'சமுதாய உணவு மையம்' என்ற பொருளில் இருந்தது. அது அவருக்குக் கம்யூனிஸ வாடை அடித்ததாம்.) அங்கே ஒன்பது பென்னிக்கு முழுச் சாப்பாடு, ரேஷன் கூப்பன் தேவையில்லை. 1943-இல் நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூடங்கள் இருந்தன. தொழிற்சாலை ஆட்களுக்குக் கேன்டீன், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாடு.

ஆக, வீட்டை விட்டு வெளியே நடந்து போகக்கூடிய எல்லோருக்கும் ரேஷனுக்கு மேல் ஒரு சாப்பாடு கிடைத்தது. நடக்க முடியாதவருக்கு மட்டும் கிடைக்கவில்லை! முன்பெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இப்போது வேலையில். 1941 டிசம்பரில் பெண்களையும் கட்டாயப் போர்ப்பணிக்கு அழைக்கும் சட்டம் வந்திருந்தது.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் அமைச்சகத்து அதிகாரிகள் அல்ல, பச்சைச் சீருடை போட்ட பெண்கள்.

குழந்தை வண்டியும் பழைய தொப்பியும்

பெண்கள் தன்னார்வ சேவை (சுருக்கமாக டபிள்யூ.வி.எஸ்.) 1938-இல் ஆரம்பிக்கப்பட்டது. விமானக் குண்டுவீச்சு வந்தால் சமாளிக்க வீட்டுப் பெண்களைத் தயார் செய்வதுதான் நோக்கம். தொடங்கியவர் லேடி ரீடிங் என்று அழைக்கப்பட்ட ஸ்டெல்லா ஐசக்ஸ். 1921 முதல் 1926 வரை இந்திய வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் இரண்டாவது மனைவி. டெல்லியில் வைஸ்ராய் மாளிகையில் செயலாளராக வேலை பார்க்க வந்தவர். போர் நடுவில் இவருடைய அமைப்பில் பத்து லட்சம் பெண்கள் சேர்ந்திருந்தார்கள்.

1940 செப்டம்பரில் லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியபோது, வீடிழந்தவர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் வேனில் டீயும் சூப்பும் கொண்டுபோனவர்கள் இவர்கள். சமைத்த சாப்பாட்டைச் சக்கரத்தில் ஏற்றி ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகும் வித்தை அப்போதே கைவந்துவிட்டது. அதை வீட்டு வாசல் வரை நீட்டியதுதான் புதுமை. 1943-இல் லண்டனுக்கு வடக்கே உள்ள ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், நடக்க முடியாத முதியவர்களின் வீட்டுக்கு இவர்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தார்கள்.

பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. ஆகவே ஆரம்ப கால வண்டிகளில் பல, பரண் மேல் கிடந்த பழைய குழந்தை வண்டிகள். உள்ளே வைக்கோலை அடைத்து, நடுவில் சாப்பாட்டைப் புதைத்து, சூடு போகாமல் இருக்கப் பழைய ஃபெல்ட் தொப்பிகளையும் கவிழ்த்து வைத்தார்களாம். குழந்தை தூங்க வேண்டிய இடத்தில் மாட்டிறைச்சி ஸ்ட்யூ! சிரிப்பு வந்தாலும் வேலை செய்தது. வைக்கோல் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்துச் சூட்டைக் காப்பது ஐரோப்பியக் கிராமங்களில் பழைய பழக்கம்தான்.

சமையல் எங்கே நடந்தது? பெரும்பாலும் வேறு யாருக்காகவோ எரிந்துகொண்டிருந்த அடுப்பில்தான். பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட், பள்ளிச் சமையலறை, தொழிற்சாலை கேன்டீன், ஆஸ்பத்திரி. இந்தத் திட்டத்துக்கு என்று சொந்தமாக ஒன்றுமே இல்லை. இருந்தது வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பெண் மட்டும்தான்.

சட்டம் செய்த வேடிக்கை

போர் முடிந்தது. ஆனால் ரேஷன் 1954 ஜூலை வரை முடியவில்லை, முதியவர்களும் குறையவில்லை. சீபோம் ரௌன்ட்ரி (யார்க் நகர வறுமையை ஆராய்ந்தவர், சாக்லேட் கம்பெனி குடும்பம்) தலைமையிலான குழு முதியோர் நிலை பற்றி 1947-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. பழைய ஏழை விடுதிகளில் பெரிய பெரிய கூடங்களில் முதியவர்களை அடைத்து வைத்திருந்த நிலைமையை அது அம்பலப்படுத்தியது.

'வொர்க்ஹவுஸ்' என்ற அந்த ஏழை விடுதியைப் பற்றிய பயம் தெரியாவிட்டால் மீதிக் கதை புரியாது. வேறு வழியே இல்லாதவர்கள் போகும் இடம் அது. கணவனையும் மனைவியையும் கூடப் பிரித்து வைப்பார்கள். அங்கே சாவது குடும்பத்துக்கே அவமானம். 1940-களில் எழுபது எண்பது வயதில் இருந்தவர்கள் இந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள். "கவுன்சிலில் இருந்து வந்திருக்கிறோம், உங்களுக்குச் சாப்பாடு" என்று யாராவது சொன்னால் முகத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

டபிள்யூ.வி.எஸ். பெண்கள் கவுன்சில் ஆட்கள் இல்லை. சாப்பாட்டுக்குச் சிறு தொகையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சில பென்னிகள் செலவுக்குக் கட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது முக்கியம். காசு கொடுத்துச் சாப்பிட்டால் அது தர்மச் சோறு இல்லை.

1948 ஜூலை 5. இலவச மருத்துவச் சேவை தொடங்கிய அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் அமலுக்கு வந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் இருந்த ஏழைச் சட்டத்தை அது ஒழித்தது. அதன் 31-ஆவது பிரிவில் முதியோர் சாப்பாடும் வந்தது. எப்படி என்றால், முதியவர்களுக்குச் சாப்பாடு தரும் தன்னார்வ அமைப்புகளுக்கு உள்ளாட்சி பணம் கொடுக்கலாம். அவ்வளவுதான். உள்ளாட்சியே சமைத்துக் கொடுக்க அதிகாரம் இல்லை! தொட்டில் முதல் சுடுகாடு வரை பார்த்துக்கொள்வோம் என்று கிளம்பிய அரசு, கிழவியின் மதியச் சாப்பாட்டை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாக்களிடம் விட்டுவிட்டது.

இதன் விளைவு 1950-களில் தெரிந்தது. தொண்டர்கள் கிடைத்த ஊரில் சாப்பாடு கிடைத்தது, கிடைக்காத ஊரில் இல்லை. கிடைத்த இடத்திலும் பல ஊர்களில் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள்தான். செவ்வாயும் வியாழனும் சாப்பாடு வரும் என்றால் மற்ற ஐந்து நாள் என்ன? பாதியை எடுத்து வைத்து மறுநாள் சாப்பிட்டவர்கள் ஏராளம், அதுவும் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில். ஊட்டச்சத்து நிபுணர்கள் பார்வையில் வாரம் இரண்டு சாப்பாட்டால் ஒருவரின் உடம்பு தேறிவிடாது. அது நியாயமான விமர்சனம்தான்.

அப்படியானால் வாரம் இரண்டு சாப்பாட்டால் என்ன பயன்? வாரம் இரண்டு முறை ஒரு ஆள் வந்தார் என்பதுதான்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் 203 முதியவர்களைச் சந்தித்து, 1957-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் தனித்திருப்பது வேறு, தனிமை உணர்வு வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆட்கள் வந்து போகாத ஒருவர் தனிமையை உணராமலே இருக்கலாம். சமீபத்தில் கணவனையோ மனைவியையோ இழந்தவர் கூட்டத்தின் நடுவிலும் தவிக்கலாம். ஆகவே ஐந்து நிமிடம் வந்து போகும் ஒரு பெண் அந்தத் தவிப்பைத் தீர்த்துவிடுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் கீழே விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடப்பவரை அவர் பார்த்துவிடுவார். இது உணர்ச்சி சமாச்சாரம் இல்லை, எத்தனை மணி நேரம் தரையில் கிடந்தார் என்கிற சமாச்சாரம்.

கடல் தாண்டி

1954-இல் இந்த யோசனை இரண்டு கண்டங்களில் தனித்தனியாக வேர் விட்டது. அமெரிக்காவில் ஜனவரி மாதம் பிலடெல்பியா நகரில். அங்கே தட்டைச் சுமந்தவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். 'பிளேட்டர் ஏஞ்சல்ஸ்', அதாவது தட்டு தேவதைகள் என்று பெயர்.

ஆஸ்திரேலியக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அடிலெய்டு நகரில் டோரிஸ் டெய்லர் என்ற பெண்மணி. சிறு வயதில் விழுந்து அடிபட்டது, பிறகு மூட்டு வாதம், வாழ்க்கையே சக்கர நாற்காலியில். மற்றவர் உதவியில்லாமல் வாழ முடியாது என்பதை உடம்பாலேயே அறிந்தவர். அவர் 1953-இல் அமைப்பைத் தொடங்கினார். 1954 ஆகஸ்ட் 9 அன்று போர்ட் அடிலெய்டு சமையலறையிலிருந்து முதல் சாப்பாடு போனது. சாப்பிட்டவர்கள் எட்டுப் பேர், வேலை செய்த தொண்டர்கள் பதினொரு பேர்! கணக்குப் பார்க்கும் ஆள் இருந்திருந்தால் அன்றைக்கே மூடச் சொல்லியிருப்பார். அந்த அமைப்பு தெற்கு ஆஸ்திரேலியா முழுக்கப் பரவியது.

ஃப்ரீசர் வந்த பிறகு

மறுபடியும் பிரிட்டன். 1962-இல் சட்டத்தைத் திருத்தி, உள்ளாட்சிகளே நேரடியாகச் சாப்பாடு தரலாம் என்றார்கள். அதன் பிறகுதான் சேவை வளர்ந்தது. குழந்தை வண்டி போய் வேன் வந்தது, பீங்கான் தட்டு போய் அலுமினியத் தட்டு வந்தது. டபிள்யூ.வி.எஸ்-க்கு 1966-இல் 'ராயல்' பட்டம் கிடைத்தது. தொண்டர்களும் சம்பள ஆட்களும் கலந்து வேலை செய்த காலம் அது. பிரிட்டன் மக்கள் மனதில் இன்றும் நிற்கும் மீல்ஸ் ஆன் வீல்ஸ் படம் இந்தக் காலத்தினுடையதுதான்.

தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று மட்டும் கடைசி வரை தீரவில்லை. சூடு. பிரிட்டிஷ் விதிப்படி சூடான உணவை 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் சாப்பாடு வேண்டிய நேரமும் ஒன்றே, பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள். ஆகவே ஒரு வேன் இத்தனை வீட்டுக்குத்தான் போக முடியும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசினால் கடைசி வீட்டுக்காரருக்கு ஆறிய சாப்பாடு. சாப்பாடும் பேச்சும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றோடொன்று போட்டி போட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

உறைய வைத்த உணவு இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்தது. தொழிற்சாலையில் சமைத்து, உறைய வைத்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் கொண்டுவந்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டால் போதும். பாட்டி வேண்டும்போது மைக்ரோவேவில் வைத்துச் சூடு பண்ணிக்கொள்வார். 1990-இல் வந்த சமூகப் பராமரிப்புச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுதாக அமலானதும், உள்ளாட்சிகள் தாங்களே செய்வதை விட்டுத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்பந்தம் போடுவது வேகமெடுத்தது. நேரடியாக வாடிக்கையாளருக்கே விற்கும் கம்பெனிகளும் வந்தன. 1991-இல் தொடங்கிய வில்ட்ஷயர் ஃபார்ம் ஃபுட்ஸ் அவற்றில் பெயர் பெற்றது.

இதைத் திட்டுவது சுலபம். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் பல விஷயங்களில் இது முன்னேற்றம். முன்பு கொண்டுவந்ததைச் சாப்பிட வேண்டும், கொண்டுவந்த நேரத்தில் சாப்பிட வேண்டும். இப்போது பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், ராத்திரி எட்டு மணிக்கும் சாப்பிடலாம். சர்க்கரை நோயாளிக்கு ஒன்று, மென்று தின்ன முடியாதவருக்கு ஒன்று. குடியேறிய சமூகங்களில் முதுமை வந்தபோது ஹலால் சாப்பாடும், ஆசிய சைவச் சாப்பாடும் பட்டியலில் ஏறின. வாழ்நாள் முழுக்கப் பருப்பும் சோறும் சாப்பிட்டவர் முன்னால் வேகவைத்த முட்டைக்கோஸை வைத்தால் அது சாப்பாடே இல்லை அல்லவா?

போனது என்ன என்றால், வாரத்துக்கு ஐந்து தட்டல் இருந்த இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டல். ஒப்பந்தத்தில் 'சாப்பாடு: இத்தனை, விலை: இவ்வளவு' என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்குப்படி ஒன்றுமே குறையவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது. 1972-இல் ஃபுகுஷிமா மாகாணத்தின் கோரியாமா நகரில், யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்தை வீடு வீடாக விற்கும் பெண் ஒருவர், தன் பகுதியில் ஒரு முதியவர் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்ததைக் கேட்டு வருந்தினார். தனியாக வாழும் முதியவர்களுக்குத் தன் சொந்தச் செலவில் பாட்டில் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். பிறகு கம்பெனியும் உள்ளாட்சிகளும் சேர்ந்து அதை ஒரு திட்டமாகவே ஆக்கின. அந்தச் சின்ன பாட்டிலில் யாருக்கும் வயிறு நிறையாது. கதவைத் தட்ட ஒரு காரணம், அவ்வளவுதான்.

தட்டலுக்குத் தனியாக மதிப்பு உண்டா என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு ஊர்த் திட்டங்களில் காத்திருப்போர் பட்டியலில் இருந்த 626 முதியவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் நேரில் வந்து சூடான சாப்பாடு. இன்னொரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை உறைய வைத்த சாப்பாடு. மூன்றாவது பகுதியினர் பட்டியலிலேயே காத்திருந்தார்கள். 2015-இல் வெளியான முடிவில், தனிமை உணர்வு, கவலை, விழுந்துவிடுவோமோ என்ற பயம் போன்றவற்றில் அதிக முன்னேற்றம் கண்டவர்கள் தினமும் ஆள் வந்து போன பகுதியினர்தான்.

அதே நேரத்தில் பிரிட்டனில் காற்று வேறு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. 2010-க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் பணத்தை வெட்டியது. வெட்டு விழும்போது சட்டம் கட்டாயமாக்காத சேவைதான் முதலில் போகும். மீல்ஸ் ஆன் வீல்ஸ் என்றைக்குமே கட்டாயம் ஆனதில்லை. 1948-இல் 'கொடுக்கலாம்' என்று எழுதினார்கள், 1962-இலும் 'கொடுக்கலாம்' தான். 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் ஒருவர் ஒழுங்காகச் சாப்பிட முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது, ஆனால் சாப்பாட்டுச் சேவை நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தேசியப் பராமரிப்பு உணவுச் சங்கத்தின் கணக்குப்படி 2014-இல் 66 சதவீத உள்ளாட்சிகள் இந்தச் சேவையை வைத்திருந்தன. 2018-இல் அது 42 சதவீதம். நிறுத்திய இடங்களில் பெரும்பாலும் முதியவர் கையில் கிடைத்தது தனியார் கம்பெனிகளின் போன் நம்பர்கள்.

குழந்தை வண்டிகள் ஓடிய ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் மட்டும் கதை சற்று மாறிப் போனது. அங்கே 2007-இல் லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு தொடங்கப்பட்டு, வீடுகளுக்குச் சூடான மதியச் சாப்பாடு கொண்டுபோகிறது, கிறிஸ்துமஸ் உட்பட வருடம் முழுவதும். சாப்பாட்டைக் கொண்டுவருபவர் வாசலில் வைத்துவிட்டுப் போவதில்லை. உள்ளே வந்து, மூடியைப் பிரித்து மேஜையில் வைத்து, ஆள் நன்றாக இருக்கிறாரா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார். சரியில்லை என்றால் குடும்பத்தாருக்கோ மருத்துவ உதவிக்கோ தகவல் போகிறது. அங்கே அது வேலையின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.